ஓலைத்தொப்பி

— அப்ப நீ கூப்பிட மாட்டாய்?

— நான் கூப்பிட்டாலும் வரமாட்டாங்க, விதானையார்.

— கூப்பிட்டுப் பாக்காம எப்படிச் சொல்லுவாய்? முந்தநாள் அப்போதிக்கரி ஐயா மருந்துப் பெட்டியோட வந்தார். அவர்ட வெள்ளைக் கோட்டைக் கண்டதுதான், உங்கட வேடச் சனம் மான் கூட்டம் மாதிரி ஒரே பாய்ச்சல், காட்டுக்குள்ள. அடுப்பில உலை கொதிக்கக் கொதிக்க விட்டுட்டு ஓடியிருக்கு. இண்டைக்கும் வண்டிச் சத்தம் கேட்டதும் அதே பாய்ச்சல். அந்தாளுக்கு அவமானம். ஊருக்குத் தலைவன் எண்டு என்னைக் கூப்பிட்டுக் கேக்கார், “அழகரத்தினம், இதுகள் மனுசரா, வேறென்னவுமா?” எண்டு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— நான் என்னத்தைச் சொல்ல? இதுகள் இப்படித்தான் ஐயா எண்டன்.

— ம்.

— உன்னை மட்டும் ஏன் விட்டுட்டுப் போனாங்க?

— விட்டுட்டுப் போகல்ல. எனக்குக் காலில பெலன் இல்லை. மகன் வேலன் தோளில போட்டுக்கொண்டு போகத்தான் பாத்தான். அவனுக்கே குளிர் நடுக்கம், என்னை எங்க தூக்கிற? நான்தான் போ எண்டு சொன்னன்.

— அவனுக்கும் காய்ச்சலா?

— அவனுக்கும், அவன்ட பெண்சாதிக்கும். பூமாலைக்கு இது எட்டாம் மாசம். போன கிழமை பக்கத்துக் குடிசைக் கதிரனும் அவன்ட மூத்ததும் போயிட்டாங்க. அந்தா, அந்தப் பாலை மரத்துக்குக் கீழ ரெண்டு மண்மேடு. ஈரம் காயல்ல இன்னும்.

— பாத்தன். வரக்குள்ளயே பாத்தன். அதுக்குத்தானே சொல்றன், கண்ணாத்தை. பெட்டி நிறையக் கொயினாக் குளிசை இருக்கு. நாளைக்கு ரெண்டு வீதம் திண்டா காய்ச்சல் நிக்கும். கவுண்மேந்து மருந்து, சும்மா தருகுது. திண்ணாட்டி இந்த மாரி முடியக்குள்ள அந்தப் பாலை மரத்தடியில இடம் காணாது. கேட்டியா?

— கேக்குது.

— ஆக்கள் தூரமாப் போயிருப்பாங்களா?

— தூரம் போக ஏலாத ஆக்கள். நாம கதைக்கிறது கேக்கிற தூரம்தான்.

— அப்ப கூப்பிடு!

— நம்மட கதை கேட்டுக்கொண்டுதான் அவங்க வராம இரிக்காங்க, விதானையார்.

— அட, உங்களுக்காக நான் இண்டைக்குப் பட்ட பாட்டை நீ அறிஞ்சா இப்படிக் கதைக்க மாட்டாய். விடிய வண்டி பூட்டினது. தேன் வாங்க உங்களிட்ட வருவாரே ஓட்டமாவடி உசனார் காக்கா, அவர்ட வண்டி. என்ட வயல்வட்டை முடியிற இடத்தில வாய்க்கால் கடவை இருக்குதே, அதில வண்டிச் சில்லு புதைஞ்சு போச்சு. அச்சு மட்டுக்கும் சேறு. மாடு ரெண்டும் முழங்கால் போட்டுட்டுது. அப்போதிக்கரி ஐயா திரும்பிப் போவம் எண்டார். நான் விடல்ல. கம்பு வெட்டிப் போட்டன், கல்லுப் போட்டன், ஒண்டும் காணல்ல. கடைசியா, வயல் வரம்பில கிளி விரட்ட நிண்ட வெருளியைப் பிடுங்கிக் கொண்டுவந்து சில்லுக்குக் கீழ வைச்சன். அதுக்குப் பிறகுதான் ஏறிச்சு.

— எந்த வெருளி?

— வெள்ளையா ஒண்டு, கம்பத்தில. நீ அந்தப் பக்கம் கதிர் பொறுக்க வாறனீதானே, கண்டிருப்பாய்.

— கண்டிரிக்கன்.

— ரெண்டு வருசத்துக்கு முந்தி வந்த துரை உங்கட ஆக்கள்ட முகத்தில வெள்ளை மா அப்பி அச்சு எடுத்து, அதில முகம் வார்த்தாரே. அதில ஒண்டு நாடியில வெடிச்சுப் போச்செண்டு எறிஞ்சுட்டுப் போனார். நல்ல சாமான், ஏன் சும்மா கிடக்கோணும்? எடுத்துக் கம்பத்தில கட்டினன். கண் மூடிக் கிடந்திச்சு. கரியால ரெண்டு கண் கீறி, பெரிய மீசையும் வைச்சன். கிளியும் வராது, வெள்ளாமைக்குக் கண்ணூறும் படாது. ஆனா ஒரு கூத்து கேள். ஆரோ அந்த மீசையை அழிச்சு விடுறான். மூணு தரம் கீறினன், மூணு தரமும் துடைச்சுப் போட்டிருக்கு. மழை வந்தா அதுக்குத் தலையில ஓலைத்தொப்பி வேற! நல்லா முடைஞ்சு, காத்துக்குப் பறக்காம நாடியோட சேத்துக் கட்டி. காவற்கார முத்தனைப் பிடிச்சு ஏசினன், என்னடா வெருளிக்கு மாப்பிள்ளை வேசமா எண்டு. தான் இல்லையாம். சத்தியம் பண்றான்.

— உடைஞ்சு போச்சா?

— எது?

— சில்லு ஏறக்குள்ள.

— மாதானே. பொரிச்ச அப்பளம் மாதிரி நொறுங்கிச்சு. உசனார் காக்கா அதுக்குப் பண்ணின கூத்து! “விதானையார், இது ஆரோ ஒரு ஆளிட முகம். புருவத்தில தழும்பு வரைக்கும் கிடக்கு. முகத்துக்கு மேல நான் சில்லை ஏத்த மாட்டன்” எண்டு கயித்தைப் போட்டுட்டு இறங்கிட்டார். காக்கா, இது காய்ஞ்ச மா எண்டன். கேக்கல்ல. பிறகு நான்தான் மாட்டை அடிச்சு ஏத்தினன். என்ன, ஏன் சீலையை இழுத்து முகத்தை மூடுறாய்?

— காய்ச்சல், விதானையார்.

— அதுதான் சொல்றன்.

— கொஞ்சம் தண்ணி எடுத்துத் தாங்க. அந்தச் சிரட்டையில கிடக்கு.

— நானா?

— உங்களுக்குத் தீட்டு எண்டா வேணாம்.

— சரி, சரி. இந்தா. குடி. மெல்ல, மெல்ல. எல்லாம் நெஞ்சில ஊத்துறாய்.

— போதும்.

— இப்ப சொல்லு. கூப்பிடுறியா?

— ஒண்டு கேக்கட்டா?

— கேள்.

— துரை வந்த நாள் நீங்க எங்களுக்கு என்ன சொல்லிக் கூட்டிப் போனீங்க?

— பழங்கதை இப்ப ஏன்?

— அந்தப் பழங்கதையாலதான் அவங்க காட்டுக்குள்ள இரிக்காங்க.

— ... மருந்து எண்டு சொன்னன்.

— என்னத்துக்கு மருந்து?

— காய்ச்சலுக்கு. அட, வேற எப்படிச் சொல்ல? அந்தத் துரை பாவம், நல்ல மனுசன். கேட்டு, விருப்பமான ஆக்களை மட்டும் கூட்டி வா எண்டுதான் சொன்னார். தலை அளக்கிறது, முகத்தில அச்சு எடுக்கிறது, புத்தகம் எழுதுறது எண்டெல்லாம் நான் உங்களுக்கு விளங்கப்படுத்தி முடியிற காரியமா? ரெண்டு நாளில எல்லாம் முடிக்கோணும். மருந்து எண்டன், ஆளுக்கொரு புகையிலைச் சுருள் எண்டன், வந்தீங்க.

— இருபத்தி மூணு பேர் வந்தம்.

— ஓம், இருபத்தி மூணு. கணக்குச் சரி.

— நண்டுக்கால் மாதிரி ஒரு இரும்பால தலையை இடுக்கிப் பாத்தீங்க. மூக்கை இடுக்கிப் பாத்தீங்க. மாடு வாங்கப் போனாப் போல வாயைத் திறந்து பல்லுப் பாத்தீங்க. பிறகு பொம்பிளையளைச் சீலையைக் கழட்டி, இடுப்பில இலை கட்டச் சொன்னீங்க.

— படம் பிடிக்கத்தானே. உங்கட பழைய ஆக்கள் அப்படித்தானே இருந்தது.

— வில்லும் அம்பும் ஆர் தந்த?

— நான்தான். வாழைச்சேனையில ஒரு தச்சனைக் கொண்டு செய்விச்சது.

— நாங்க வலைக்காரர், விதானையார். என்ட அப்பனும் வலைதான், அவர்ட அப்பனும் வலைதான். வேலன் வில்லைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு நிண்டான். நீங்க எல்லாரும் சிரிச்சீங்க.

— அது சிரிப்புத்தானே, கண்ணாத்தை. நீயும்தான் சிரிச்சாய்.

— ஓம், நானும் சிரிச்சன். அதை நினைச்சாத்தான் இப்ப வெக்கமாக் கிடக்கு.

— அந்தப் புத்தகம் அச்சில வந்திட்டுது, தெரியுமா? துரை எனக்கு ஒண்டு அனுப்பினார். முதல் பக்கத்தில உதவி செய்த ஆளெண்டு என்ட பேர் கிடக்கு. அழகரத்தினம் எண்டு, முழுசா.

— எங்கட பேர்?

— உங்களுக்கு இலக்கம் போட்டிருக்கு. ஒண்டு, ரெண்டு, மூணு எண்டு.

— என்ட மகள் எத்தினையாம் இலக்கம்?

— எந்த மகள்?

— பொன்னாத்தை. ஒம்பது வயசு. வரிசையில எனக்குப் பின்னால நிண்டாள்.

— ஆருக்கு ஞாபகம், புள்ள? எல்லாம் ஒரே மாதிரி.

— எனக்கு முதல் அவளுக்குத்தான் மா அப்பின. பாயில கிடத்தி, மூக்கில ரெண்டு புல்லுக் குழல் வைச்சு. என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தாள். மா இறுக இறுகச் சூடு ஏறுது. சின்ன வயசில தூண்டில் முள்ளுக் கிழிச்ச புருவம் அவளுக்கு, அந்த இடம் வலிச்சிரிக்கும். கத்த ஏலாது, வாயும் மூடிக் கிடக்கு. என்ட கையில நகத்தைப் பதிச்சாள். நான் சொன்னன், அசையாத மகள், மருந்து எண்டு. நீங்க எனக்குச் சொன்னீங்க, நான் அவளுக்குச் சொன்னன்.

— பிறகு எழும்பி நல்லாத்தானே போனாள்? புகையிலை கூட வாங்கிக்கொண்டு போனாங்க எல்லாரும்.

— நல்லாத்தான் போனாள். முகம் லேசாக் கிடக்கு அம்மா எண்டாள். அந்த மாரியில அவளுக்குக் காய்ச்சல் வந்திச்சு. “அம்மா, துரைட மருந்தைப் பூசு” எண்டு கேட்டாள். கேட்டுக் கேட்டு அழுதாள். நான் களப்புக் கரைக்குப் போய் வெள்ளைக் களிமண் எடுத்து வந்தன். குழைச்சு அவள்ட முகத்தில பூசினன். குழலும் வைச்சன், மூக்கு ரெண்டிலயும். அண்டைக்குப் பாத்த மாதிரியே.

— கண்ணாத்தை...

— வாகரைக்குத் தோணியில போனா அரை நாள். அங்க மருந்து கொடுக்கிற இடம் கிடக்கெண்டு தெரியும். நாங்க போகல்ல. மருந்து பூசியாச்சே எண்டு பாத்துக்கொண்டு இருந்தம். மூணு நாள் பூசினன். மூணாம் நாள் பூசின களி காயல்ல, மூச்சு நிண்டிட்டு.

— எனக்கு இது தெரியாது.

— நீங்க கேக்கல்ல.

— செத்த விசயம் என்ட பதிவுக்கு வந்திருக்கோணுமே.

— வேலன் வந்து சொன்னான். நீங்க வெத்திலை போட்டுக்கொண்டு, “வேடப் பெட்டை ஒண்டு, காய்ச்சல்” எண்டு எழுதினீங்களாம். அவன் பேரைச் சொல்லச் சொல்ல நீங்க புத்தகத்தை மூடிட்டீங்களாம்.

— ... அண்டைக்கு ஆக்கள் கூடக் காத்துக்கொண்டு நிண்டிருப்பாங்க.

— நிண்டிருப்பாங்க.

— இப்ப நான் என்ன செய்ய? போனவளைக் கொண்டு வர என்னால ஏலாது. இருக்கிற மகனையும் நீ விடப்போறியா? அவன்ட பெண்சாதி வயித்தில ஒரு உயிர் கிடக்கு.

— அதைத்தான் நானும் யோசிக்கன். அவங்களை என்னெண்டு சொல்லிக் கூப்பிடுற? மருந்து எண்டா? அந்தச் சொல்லை நீங்க கெடுத்துப் போட்டீங்க. எங்கட ஆக்களுக்கு மருந்து எண்டா இப்ப வேற அர்த்தம்.

— இது உண்மையான மருந்து. சத்தியமா.

— அண்டைக்கும் சத்தியம் பண்ணினீங்க.

— என்னதான் செய்யச் சொல்றாய்?

— ஒரு குளிசையை நீங்க திண்டு காட்டுங்க.

— எனக்குக் காய்ச்சல் இல்லையே.

— எங்களுக்கும் அண்டைக்குக் காய்ச்சல் இருக்கல்ல.

— ... சரி. இந்தா பார். வாயில போட்டுட்டன்.

— விழுங்காதீங்க. கடிச்சுத் தின்னுங்க.

— தூ! வேப்பங்காய் தோத்துப் போகும். திண்டுட்டன், போதுமா?

— நாக்கைக் காட்டுங்க.

— நாக்கையா? நான் ஒரு விதானை, கண்ணாத்தை!

— நீங்க எங்கட வாயைத் திறந்து பாத்தீங்களே.

— ... ஆ. பாத்தியா? ஒண்டும் இல்லை. இனிக் கூப்பிடு.

— இன்னும் ஒண்டு. அண்டைக்குப் பூசினது மருந்து இல்லையெண்டு சொல்லுங்க.

— இவ்வளவு நேரமும் அதைத்தானே சொன்னன்.

— எனக்கு இல்லை. அவங்களுக்கு. காட்டுக்குக் கேக்கிற மாதிரிச் சத்தமாச் சொல்லுங்க.

— விசர்க் கதை கதையாத. அந்தா, வண்டியடியில அப்போதிக்கரி ஐயா நிக்கார், உசனார் காக்கா நிக்கார். நாளைக்குக் கதிரவெளியில இருந்து கல்குடா வரைக்கும் இதுதான் கதை. நான் இந்த ஊரை ஆளுற மனுசன்.

— அப்ப சரி. வண்டியைத் திருப்புங்க.

— கண்ணாத்தை!

— கேக்குதா?

— என்ன?

— அந்த ஈச்சம் பத்தைக்குப் பின்னால. ஆரோ இருமுறாங்க. வாயைப் பொத்திக்கொண்டு இருமுறாங்க, நமக்குக் கேக்கக் கூடாதெண்டு.

— ஆர் அது?

— பூமாலை.

— ... எட்டாம் மாசம் எண்டாய்.

— ஓம்.

— சரி, சொல்றன். எழும்பி நிண்டு சொல்றன். ஏய்! காட்டுக்குள்ள இருக்கிற ஆக்கள்! அண்டைக்குப் பூசினது—

— பேரைச் சொல்லித் தொடங்குங்க.

— நான் விதானை அழகரத்தினம்! அண்டைக்கு உங்கட முகத்தில பூசினது மருந்து இல்லை! வெறும் மா! துரை மருந்து எண்டு சொல்லல்ல! நான்தான் சொன்னன்! பொய் சொன்னன்! — போதுமா?

— ஏன் பொய் சொன்னீங்க எண்டு சொல்லல்லயே.

— அதுவுமா?

— அதுக்குத்தான் காத்திரிக்காங்க.

— ஏன் எண்டா... ஏன் எண்டா மாட்டுக்குக் குறி சுடக்குள்ள மாட்டிட்டக் கேட்டா சுடுறம்? அப்படித்தான் நினைச்சன்! உங்களிட்டக் கேக்கோணும் எண்டு எனக்கு... எனக்குத் தோணவே இல்லை!

— இருங்க, விதானையார். இப்படி இருங்க. கண்ணைத் துடையுங்க.

— அது குளிசைக் கசப்பு.

— ம். கூ...! வேலன்! கூ...! வாங்க மனே! கசப்பு மருந்துதான், நான் பாத்துட்டன்! பூமாலையை மெல்லப் பிடிச்சுக்கொண்டு வா! கூ...!

— ஒண்டும் அசையல்லயே.

— பொறுங்க.

— ... அந்தா! பத்தை விலகுது. வேலன்தானே அது? கடவுளே, எலும்பும் தோலுமா. பின்னால பூமாலை. அந்தக் கிழவன், ரெண்டு சின்னதுகள்... ஒம்பது, பத்து, பதினொண்டு. மத்த ஆக்கள் வரல்லயா?

— மத்த ஆக்கள் எண்டு ஆருமில்லை.

— அண்டைக்கு இருபத்தி மூணு பேர்.

— ஓம். இப்ப இவ்வளவுதான்.

— ... அப்போதிக்கரி ஐயா! பெட்டியைக் கொண்டு வாங்க! அந்தக் கோட்டைக் கழட்டி வண்டியில போட்டுட்டு வாங்க, ஐயா! நான் சொல்றன், கழட்டுங்க! உசனார் காக்கா, குடத்தில தண்ணி எடுங்க! பூமாலைக்கு முதல் கொடுங்க!

— வேலனுக்குக் கடைசியில கொடுக்கட்டும். சின்னதுகளுக்குக் கொடுக்கட்டும்.

— கொடுப்பாங்க, எல்லாருக்கும் இருக்கு. இந்தா, உன்ட பங்கு. நானே தாறன், வாயைத் திற. தண்ணியும் குடி. கண்ணாத்தை, நீ இண்டைக்குச் செய்தது சின்ன வேலை இல்லை. நான் மறக்க மாட்டன். என்ன வேணும் கேள். புதுச் சீலை தரட்டா? ஒரு மூட்டை அரிசி அனுப்பட்டா?

— ஒண்டும் வேணாம்.

— வெக்கப்படாமக் கேள். நான் தாறன் எண்டா தாறன்.

— முத்தனை இனி ஏசாதீங்க.

— எந்த முத்தன்? என்ட காவற்காரனா? அவனை ஏன்?

— அந்த ஓலைத்தொப்பி போட்டது அவன் இல்லை. நான்தான். மீசையை அழிச்சதும் நான்தான்.

— நீயா? அந்த வெருளிக்கா? இங்க இருந்து மழைக்க நடந்து வந்தா? ஏன்?

— மழை பட்டா மூக்குக் கரையுது, விதானையார்.

— அந்தப் புருவத் தழும்பு... உசனார் காக்கா சொன்ன அந்தத் தழும்பு...

— திரும்பிப் போகக்குள்ள அந்தக் கடவையால வண்டியை விடாதீங்க. சுத்திப் போங்க. என்ட பொன்னாத்தை அங்கதான் கிடக்காள்.